பதறியவர்களுக்கே கூடுதல் மதிப்பெண்: தென் கொரிய ஆங்கில வகுப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நவம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை. மதியம் ஒரு மணியைத் தாண்டியதும் தென் கொரியா முழுவதும் சுமார் 35 நிமிடத்துக்கு விமானங்கள் ஏறக்கூடாது, இறங்கவும் கூடாது. ஏற்கெனவே வானில் இருப்பவை உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். சூனுங் என்கிற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத் தாளின் கேட்டல் பகுதி நடக்கும் நேரம் அது. பிள்ளைகளின் காதில் இரைச்சல் விழக்கூடாதாம்.

இத்தனை மரியாதை பெறும் அந்தத் தாளில் 45 கேள்விகள், 70 நிமிடம். 17 கேள்விகளுக்கு ஒலிப்பதிவைக் கேட்டு விடை குறிக்க வேண்டும், மிச்சத்துக்குப் படித்து. பேசுவதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படித்துவரும் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை, ஒரு முழு வாக்கியத்தை அந்நியர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லாமலேயே இந்தத் தேர்வில் முதல் தரம் வாங்கிவிடலாம்.

மார்ச் மாதம் கல்லூரி திறக்கிறது. முதலாண்டு ஆங்கில உரையாடல் வகுப்பில் ஆசிரியர் சொல்கிறார்: சரி, எழுந்து நின்று பேசுங்கள்.

அந்த இடத்தில் யாருக்குக் கால் நடுங்குகிறது, ஆணுக்கா பெண்ணுக்கா, அந்த நடுக்கத்துக்கும் கடைசியில் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் என்ன உறவு என்று பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் ‘சிஸ்டம்’ என்ற ஆய்விதழில் வெளியானது. கி-ப்யோ பார்க், பிரையன் ஃப்ரெஞ்ச் இருவரும் எழுதியது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் கொரியப் பல்கலைக்கழக மாணவர்கள் 948 பேர். முடிவுகளை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மாணவிகள் மாணவர்களைவிடக் கூடுதலாகப் பதற்றப்பட்டார்கள். மாணவிகளும் சரி, பதற்றம் கூடியவர்களும் சரி, மற்றவர்களைவிட நல்ல மதிப்பெண் வாங்கினார்கள்.

பெண்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு, அதை வளர்க்க வேண்டும் என்று எழுதப்படும் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. இந்த 948 பேரின் கணக்கு அந்தப் பேச்சை ஓரமாக உட்காரவைக்கிறது. நம்பிக்கை குறைவாக இருப்பதாகச் சொன்ன தரப்புதான் நன்றாகச் செய்திருக்கிறது. அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? இந்த நிகழ்வை விரித்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

களம்

கொரியாவில் ஆங்கிலம் தெருவில் பேசும் மொழி கிடையாது. கடையில், பேருந்தில், அலுவலகத்தில் எல்லாம் கொரிய மொழிதான். ஆனாலும் பள்ளி, கல்லூரி, வேலை, பதவி உயர்வு என்று ஒவ்வொரு வாசலிலும் ஆங்கிலம் காவல் நிற்கிறது. 1995இல் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளுக்கு வரவழைக்கும் எபிக் திட்டம் தொடங்கியது. 1997இல் தொடக்கப் பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் கட்டாயப் பாடமானது. மாலையானால் ஹக்வொன் எனப்படும் தனியார் டியூஷன் நிலையங்கள். பிள்ளையின் ஆங்கிலத்துக்காக அம்மாவும் பிள்ளையும் வெளிநாட்டில் குடியேற, அப்பா மட்டும் ஊரில் தனியே இருந்து சம்பாதித்துப் பணம் அனுப்பும் குடும்பங்கள் உண்டு. அந்த அப்பாக்களுக்கு ‘காட்டு வாத்து அப்பா’ என்று பேரே வைத்துவிட்டார்கள்.

அரசுக்கும் இந்தப் பேச்சு விவகாரம் தெரியாமல் இல்லை. பேசுவதையும் எழுதுவதையும் சோதிக்கும் தேசியத் தேர்வு ஒன்றை உருவாக்கி, சூனுங்கின் ஆங்கிலத் தாளுக்குப் பதிலாக அதைக் கொண்டுவரப் பார்த்தார்கள். நீட் என்று பெயர். (நம் ஊர் நீட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) அது வந்தால் ஹக்வொன் செலவு இன்னும் ஏறும் என்ற பயம் ஒரு பக்கம், அத்தனை லட்சம் பேரைப் பேசவைத்துத் திருத்தும் சிக்கல் இன்னொரு பக்கம். சில ஆண்டுகளிலேயே கைவிட்டுவிட்டார்கள். 2017 நவம்பரிலிருந்து சூனுங் ஆங்கிலத்தில் 90 அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லோருக்கும் முதல் தரம் என்று மாற்றினார்கள். போட்டி கொஞ்சம் தணிந்தது. பேச்சு மட்டும் அப்படியே வெளியில் நின்றது.

பெண்கல்விக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2009இல் கல்லூரிக்குப் போகும் பெண்களின் விகிதம் ஆண்களின் விகிதத்தைத் தாண்டியது. ஆண், பெண் ஊதிய இடைவெளியோ பல ஆண்டுகளாக ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட அமைப்பிலேயே மிக அகலமானது, சுமார் 30 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் போவோம்.

எதை வைத்து அளந்தார்கள்

பார்க்கும் ஃப்ரெஞ்சும் பயன்படுத்திய வினாத்தாளுக்கு ஒரு கதை உண்டு. 1983 கோடையில் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், தொடக்கநிலை அந்நிய மொழி வகுப்பு மாணவர்கள் 225 பேரிடம், மொழி கற்கத் தடுமாறுகிறவர்களுக்காக ஒரு ஆதரவுக் குழு அமைக்கிறோம், வருகிறீர்களா என்று கேட்டார்கள். 78 பேர் வருவதாகச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்தக் குழுக்களில் பேசியவர்கள் கொட்டியதிலிருந்து பிறந்ததுதான் 33 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல். இலேன் ஹோர்விட்சும் மைக்கேல் ஹோர்விட்சும் ஜோஆன் கோப்பும் 1986இல் அதை வெளியிட்டார்கள்.

வாக்கியங்கள் எல்லாம் நமக்குத் தெரிந்த குரலில்தான் இருக்கின்றன. வகுப்பில் அந்த மொழியில் பேசும்போது எனக்கு என்மேலேயே உறுதி இருப்பதில்லை. தானாகக் கைதூக்கிப் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மற்றவர்கள் என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்றே எப்போதும் தோன்றுகிறது. நான் பேசினால் சிரிப்பார்களோ என்று பயம். நடுவில் எதிர்த்திசை வாக்கியங்களும் உண்டு. வகுப்பில் பேசும்போது நம்பிக்கையாக இருக்கிறேன் என்பது அதில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ‘முழுக்க ஒத்துக்கொள்கிறேன்’ முதல் ‘கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை’ வரை ஐந்து படிகள். குறைந்தது 33, கூடியது 165.

கவனிக்க வேண்டியது, இது சொல்கிறவர் சொன்னது. நாடித்துடிப்பை யாரும் அளக்கவில்லை. கை எத்தனை முறை உயர்ந்தது என்று யாரும் எண்ணவில்லை. ‘எனக்குப் பயம்’ என்று ஒரு தாளில் எழுத ஒரு பெண்ணுக்கு ஆகும் செலவும் ஓர் ஆணுக்கு ஆகும் செலவும் ஒன்றல்ல. ராணுவச் சேவை எல்லா ஆண்களுக்கும் கட்டாயமாக இருக்கும் ஒரு நாட்டில், பயப்படுவதாக ஒப்புக்கொள்வது ஆணுக்கு லேசான காரியமில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆகவே அந்த இடைவெளியில் ஒரு பங்கு உண்மையான பதற்றம், ஒரு பங்கு ஒப்புக்கொள்ளும் மனம். எது எவ்வளவு என்று இந்தத் தாளை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

பயமும் மதிப்பெண்ணும் ஒரே பக்கம்

பயம் படிப்பைக் கெடுக்கும் என்பதுதான் பொதுவாக வரும் முடிவு. உலகம் முழுக்க நடந்த பெரும்பாலான ஆய்வுகளில் பதற்றம் ஏற ஏற மொழித்திறன் இறங்குகிறது. கொரிய வகுப்பில் ஏன் தலைகீழ்?

உளவியலில் இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. 1960இலேயே ஆல்பர்ட், ஹேபர் என்ற இருவர் பதற்றத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: ஆளை முடக்குவது ஒன்று, ஆளை உந்துவது இன்னொன்று. நாளைக்கு வகுப்பில் பேச வேண்டும் என்ற நினைப்பில் ராத்திரி பன்னிரண்டு மணிவரை வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்கிறவளும் பதற்றப்பட்டவள்தான். வகுப்பையே கட் அடிக்கிறவனும் பதற்றப்பட்டவன்தான். முதல் வகைப் பதற்றம் மதிப்பெண்ணாக மாறும். பார்க்கும் ஃப்ரெஞ்சும் தங்கள் முடிவை இந்த உந்தும் பதற்றத்துக்குச் சான்றாகவே வாசித்தார்கள்.

எனக்கு இதில் பாதிதான் சம்மதம். கல்லூரி மதிப்பெண் என்பது மொழித்திறன் மட்டும் அல்ல. வருகைப் பதிவு, ஒப்படைத்த வேலை, தயாரித்து வந்த உரை எல்லாம் அதில் சேரும். இன்னொன்று, பல கொரியப் பல்கலைக்கழகங்களில் ஒப்பீட்டு முறையில் தரம் போடுவது வழக்கம். வகுப்பில் இத்தனை சதவீதம் பேருக்கு மேல் ‘ஏ’ கிடையாது என்று வரம்பு வைத்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கிறவர் நன்றாகப் பேசினால் என் தரம் இறங்கும். இந்த ஏற்பாட்டில் கவலைப்படுவதே புத்திசாலித்தனம். மற்றவர்கள் என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்ற வாக்கியத்துக்கு ஆமாம் போட்டவர் நோயாளி அல்ல, விதிமுறையைச் சரியாகப் படித்தவர்.

உலக அளவில் எடுத்த இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ழான்-மார்க் தெவேலும் கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் பல நாடுகளில் அந்நிய மொழி கற்கும் 1,736 பேர்: பெண்கள் 1,287, ஆண்கள் 449. பெண்களே கூடுதலாகத் தவறுகளைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், மொழியைப் பயன்படுத்துவதில் நம்பிக்கை குறைவு என்றார்கள். அதே பெண்களே வகுப்பு ஜாலியாக இருக்கிறது என்றார்கள், சுவையான விஷயம் கற்கிறோம் என்றார்கள், தங்கள் செயல்பாட்டைப் பற்றிக் கூடுதலாகப் பெருமைப்பட்டார்கள். கவலையும் மகிழ்ச்சியும் ஒரே ஆளிடம் சேர்ந்தே ஏறுகின்றன. வகுப்பு அவர்களுக்கு ஒரு பொருட்டு, அதனால்தான் இரண்டும். பொருட்படுத்தாத இடத்தில் பயமும் இல்லை, குதூகலமும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த ஆண், பெண் வித்தியாசங்கள் புள்ளியியலில் தெளிவாகத் தெரிந்தாலும் அளவில் சிறியவை. இரண்டு கூட்டங்களையும் வரைந்தால் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்துதான் கிடக்கும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு குறிப்பிட்ட பெண்ணைப் பார்த்து, இவள் பயந்தவள் என்று முடிவுகட்ட இந்தக் கணக்கு உதவாது.

தன்னைத் தானே எடைபோடுவது

சரி, மதிப்பெண் நன்றாக வருகிறதே, பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாமா? முடியாது. காரணம் வேறொரு சின்ன ஆய்வில் இருக்கிறது.

பீட்டர் மெக்கின்டயர், கிம்பர்லி நோயெல்ஸ், ரிச்சர்ட் கிளெமென்ட் மூவரும் 1997இல் கனடாவில் பிரெஞ்சு கற்ற ஆங்கிலத் தாய்மொழிக்காரர்கள் 37 பேரை எடுத்தார்கள். 26 வேலைகளைக் கொடுத்து, இவற்றை உங்களால் பிரெஞ்சில் எவ்வளவு நன்றாகச் செய்ய முடியும் என்று முதலில் கேட்டார்கள். பிறகு செய்யவைத்துப் பார்த்தார்கள். பதற்றம் கூடியவர்கள் தங்கள் உண்மைத் திறனுக்குக் கீழே தங்களை மதிப்பிட்டார்கள். பதற்றம் குறைந்தவர்கள் மேலே மதிப்பிட்டார்கள். 37 பேர் சிறிய எண்தான். ஆனாலும் சொன்னதையும் செய்ததையும் ஒரே ஆளிடம் எதிரெதிரே வைத்துப் பார்த்ததால் இந்த ஆய்வுக்கு எடை உண்டு.

பதற்றத்தின் உண்மையான விலை இங்கே தெரிகிறது. ஆசிரியர் போடும் மதிப்பெண்ணில் அது தெரியாது, ஏனென்றால் அங்கே எடைபோடுகிறவர் வேறொருவர். எங்கெல்லாம் எடைபோடும் வேலையை அவரவரிடமே விட்டுவிடுகிறோமோ அங்கே தெரியும். யார் கைதூக்குவது, யார் குழுவின் சார்பில் பேசுவது, யார் பரிமாற்றத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது, விண்ணப்பத்தில் ஆங்கிலப் பேச்சு என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று போடுவதா ‘சுமார்’ என்று போடுவதா.

கொரிய வேலைச் சந்தையில் இதற்கு அச்சு அசலான உதாரணம் ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்கள் நெடுங்காலம் டொயிக் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்டுவந்தன. 990க்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதுவும் கேட்டலும் படித்தலும் மட்டும். அந்த மதிப்பெண் வைத்திருப்பவர்களுக்குப் பேச வரவில்லை என்று கண்டதும் பேச்சுத் தேர்வுகள் பக்கம் திரும்பின. அவற்றில் ஒன்று ஓபிக். கணினி முன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையில் தெரியும் பொம்மை முகம் கேட்கும் கேள்விகளுக்குச் சுமார் 40 நிமிடம் பேச வேண்டும். கேள்விகள் தொடங்குமுன் ஒரு படி இருக்கிறது. ஆறு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் விளக்கம். உங்கள் பேச்சுத் திறன் எந்த நிலை என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கும் நிலையைப் பொறுத்துக் கேள்விகளின் கடினம் அமையும். நடுவில் ஒருமுறை, அடுத்த கேள்விகள் எளிதாக வேண்டுமா, இதே அளவா, கடினமா என்று மறுபடி கேட்பார்கள்.

அடக்கமாக இரண்டாம் நிலையைத் தேர்ந்தெடுத்தவருக்கு எளிய கேள்விகள்தான் வரும். எளிய கேள்விக்கு எத்தனை அழகாகப் பதில் சொன்னாலும் மேல்நிலைத் திறனைக் காட்ட இடமே கிடைக்காது. ஓபிக் கோச்சிங்கில் சொல்லித்தரும் முதல் தந்திரம், ஐந்தையோ ஆறையோ தேர்ந்தெடு என்பதுதான். காசு கட்டி கோச்சிங் போனவருக்கு அது தெரியும். நேர்மையாகவும் பதற்றமாகவும் தன்னை எடைபோட்டவருக்குத் தெரியாது. பெண்கள் கீழ்நிலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தன்னைக் குறைத்து மதிப்பிடும் யாருக்கும் இந்த வடிவமைப்பு தண்டனை தருகிறது. அந்த ஆட்களில் பெண்கள் கொஞ்சம் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதைத்தான் மேலே பார்த்த கணக்குகள் காட்டுகின்றன.

இது நமக்கு அந்நியமான கதை இல்லை. தமிழ்நாட்டில் 2024 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.44 சதவீதமும் மாணவர்கள் 92.37 சதவீதமும் தேர்ச்சி பெற்றார்கள். பல ஆண்டுகளாக இதே வரிசைதான். கல்லூரி முடித்து கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன் என்று வட்டமாக உட்காரவைத்து, யார் முதலில் பேசுகிறீர்கள் என்று கேட்டால் அந்த வரிசை எத்தனை இடத்தில் நிலைக்கிறது என்று ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பையன்கள் பக்கம்

இந்த ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மாணவிகளைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு உறுத்துவது மறுபக்கம். பதற்றம் குறைவு, மதிப்பெண்ணும் குறைவு என்று ஒரு கூட்டம் அந்த 948 பேருக்குள் இருக்கிறது. ஆண்கள் அதில் கூடுதலாக இருப்பார்கள் என்பது முடிவுகளிலிருந்தே தெரிகிறது. இவர்களைத் தன்னம்பிக்கை உள்ளவர்கள் என்று சொல்வதா, கண்டுகொள்ளாதவர்கள் என்று சொல்வதா? பயப்படுகிறவளிடம் ஆசிரியர் போய்ப் பேசுவார். பயப்படாமல், படிக்காமல், பின்வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவனிடம் போவதற்கு எந்த அளவுகோலும் ஆசிரியரை அனுப்பாது.

ஆண்களின் பயம் எங்கே வெளியில் வருகிறது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு தடயம் உண்டு. இரண்டு பல்கலைக்கழகங்களில் ஜப்பானிய மொழி படித்த 212 மாணவர்களை கிதானோ என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 2001இல் எழுதினார். வகுப்பில் மற்றவர்களைவிடத் தன் பேச்சுத் திறன் குறைவு என்று நினைத்த ஆண்களுக்குப் பதற்றம் ஏறியது. பெண்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. பெண்ணின் கவலை எல்லாத் தவறுகள்மேலும் மெல்லப் பரவிக் கிடக்க, ஆணின் கவலை ‘நான் இவனுக்குக் கீழா’ என்ற ஒற்றைப் புள்ளியில் குவிகிறது என்று இதை வாசிக்கலாம். நிரூபிக்கப்பட்ட விதி என்று கொள்ள வேண்டாம். ஆனால் ஒப்பீட்டுத் தரமுறை உள்ள கொரிய வகுப்புக்கு இது முக்கியமான தடயம்.

கொரிய வகுப்பில் இதற்கு மேல் ஒரு சிக்கல், வயது. ஆண்கள் பெரும்பாலும் படிப்பின் நடுவில் ராணுவச் சேவைக்குப் போய்விட்டு ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து சேருவார்கள். அப்படித் திரும்பியவர் தன்னைவிட இளையவர்களோடு ஒரே வகுப்பில் உட்காருவார். மூத்தவர், இளையவர் என்ற வரிசை கொரியப் பேச்சின் வினைச்சொல் விகுதிவரை ஊடுருவியது. ஆங்கிலத்தில் அந்த விகுதி கிடையாது. மூத்தவர் தப்பாகப் பேசி இளையவள் சரியாகப் பேசிவிட்டால் இருவருக்குமே சங்கடம். மூத்தவர் வாயை மூடிக்கொள்வார். இளையவள் தெரிந்ததைத் தெரியாததுபோல் குறைத்துக்கொள்வாள். ஆங்கில ஒலிப்பை ஆங்கிலம்போலவே பேசினால் ‘நாக்கைச் சுழற்றுகிறான் பார்’ என்று கிண்டல் வேறு. நன்றாகப் பேசத் தெரிந்தவர்களே வேண்டுமென்று கொரிய ஒலிப்பில் பேசித் தப்பிப்பது உண்டு. இந்த மௌனங்களையெல்லாம் 33 வாக்கியத் தாள் ஒரே எண்ணாக மாற்றிவிடும்.

ஆண்களுக்கு ஆங்கிலத்தால் நேரடிப் பலன் இல்லாமலும் இல்லை. அமெரிக்கப் படையோடு சேர்ந்து சேவை செய்யும் கட்டூசா என்ற பிரிவு 1950இலிருந்து இருக்கிறது. டொயிக்கில் 780 அல்லது அதற்கு ஈடான வேறொரு தேர்வு மதிப்பெண் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகு குலுக்கல். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் விண்ணப்பம். இதற்காகவே டொயிக் உழும் பையன்கள் உண்டு. 780 தொட்டாயிற்று என்றால் அதற்கு மேல் உழ அவசியமில்லை.

பெண்கள் மட்டும் இருந்தால்?

ஆண்களையும் பெண்களையும் பிரித்து உட்காரவைத்தால் தீர்ந்துவிடுமா என்ற கேள்வி எப்படியும் வரும். சியோல் இதற்கு அபூர்வமான களம். 1974இல் தொடங்கிய சமப்படுத்தல் கொள்கையின்படி அங்கே மாணவர்களை வட்டாரத்துக்குள் குலுக்கல் முறையில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒதுக்கினார்கள். ஆண்கள் பள்ளியோ பெண்கள் பள்ளியோ இருபாலர் பள்ளியோ, குலுக்கலில் வந்ததுதான். ஆகவே நல்ல மாணவர்கள் தேடிப் போய்ச் சேர்ந்த பள்ளி என்று சாக்குச் சொல்ல முடியாது. ஹ்யூன்ஜூன் பார்க், ஜெரே பெர்மன், ஜேசங் சோய் மூவரும் 2013இல் எழுதிய ஆய்வில், ஒருபால் பள்ளியில் படித்த ஆண்களும் சரி, பெண்களும் சரி, கொரிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருபாலர் பள்ளி மாணவர்களைவிடச் சராசரியில் கூடுதல் மதிப்பெண் எடுத்திருந்தார்கள்.

இதைக் கேட்டதும் பிரித்துவிடலாம் என்று குதிக்க வேண்டாம். அந்த மதிப்பெண் மறுபடியும் சூனுங் மதிப்பெண். அதில் பேச்சு இல்லை. தன்னம்பிக்கை கூடியதால் வந்த மதிப்பெண்ணா, கவனச் சிதறல் குறைந்ததால் வந்ததா, ஒருபால் பள்ளிகளில் தனியார் நிர்வாகம் கூடுதல் என்பதால் வந்ததா என்று பிரிப்பது எளிதல்ல. அப்படியே நம்பிக்கை கூடியது என்றே வைத்துக்கொண்டாலும், பள்ளியை விட்டு வெளியே வந்ததும் இன்டர்வியூ அறையில் இருபாலரும்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வித்தியாசம் கல்லில் செதுக்கியது அல்ல என்பதற்கு வேறு சான்று இருக்கிறது. கனடாவில் பாடங்களைப் பிரெஞ்சு வழியில் படிக்கும் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை மெக்கின்டயர் குழு 2002இல் ஆராய்ந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதுக்குப் போகும்போது மாணவிகளின் பதற்றம் இறங்கியது, பேச முன்வரும் மனம் ஏறியது. மாணவர்களிடம் இரண்டுமே அப்படியே நின்றன. தினமும் அந்த மொழியிலேயே படிப்பு என்றால் நிலைமை மாறுகிறது. வாரத்தில் சில மணி நேர வகுப்பும் மற்ற நேரம் முழுக்கத் தாய்மொழியும் என்ற கொரியச் சூழலில் அந்த மாற்றம் நிகழ வாய்ப்பே கிடைப்பதில்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் சொன்னபடி, என்னால் முடியும் என்ற எண்ணத்துக்கு முதல் உணவு ஏற்கெனவே செய்து முடித்த அனுபவம். படித்துக் குறித்த விடைகள் பேச்சுக்கான அனுபவமாகக் கணக்கில் வராது.

வகுப்பில் மாற்றக்கூடியவை

தன்னம்பிக்கைப் பயிலரங்கு நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீ தைரியமாக இரு என்று ஒரு பெண்ணிடம் சொல்வது, அவள் சரியாகக் கணித்த ஆபத்தைக் கணிக்காதே என்று சொல்வதுதான். மாற்ற வேண்டியது ஆபத்தை. உரையாடல் வகுப்புக்கு மட்டுமாவது ஒப்பீட்டுத் தரத்தை நீக்கி, சூனுங்கில் செய்ததுபோல் வரம்பைத் தொட்ட எல்லோருக்கும் அதே தரம் என்று வைத்தால் பக்கத்து இருக்கைக்காரர் எதிரியாக இருக்க மாட்டார். இது ஆசிரியரின் கையில் இல்லை, நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதனால்தான் யாரும் இதைத் தொடுவதில்லை. பயிலரங்கு நடத்துவது சுலபம்.

ஆசிரியர் கையில் இருப்பவை சில. கைதூக்கியவரைக் கேட்பதை விட்டு, வரிசைப்படியோ சீட்டெடுத்தோ கேட்கலாம். முன்வருவது தேவையில்லை என்றானதும் தன்னை எடைபோடும் வேலையும் போய்விடும். கேள்வி கேட்டதும் உடனே ஆளைத் தேடாமல் ஒரு நிமிடம் எழுதிக்கொள்ள விட்டால், ராத்திரி மனப்பாடம் செய்கிறவளின் உழைப்பு வகுப்புக்குள்ளேயே நடக்கும், பின்வரிசைக்காரனும் எதையாவது எழுதியாக வேண்டும். இருவர் இருவராகப் பேசவிட்டுப் பிறகு வகுப்புக்குச் சொல்லவைப்பதும் நல்ல வழிதான். ஜோடி சேர்க்கும்போது சேவை முடித்துத் திரும்பிய மூத்தவரை இளையவளோடு சேர்க்காமல், முதல் சில வாரம் ஒத்த வயதினரோடு சேர்க்கலாம். பேசுகிறவரை நடுவில் நிறுத்தித் திருத்துவதைத் தள்ளிப்போடலாம். தவறுகளைத் தாளில் குறித்துவைத்துக் கடைசியில் யார் பெயரும் சொல்லாமல் பலகையில் எழுதினால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் செய்யச் சொல்வது, சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது. பருவத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து, அதற்குத் தாங்களே ஐந்துக்கு ஒரு எண் போடட்டும். ஆசிரியரும் தனியே ஒரு எண் போட்டுவைக்கட்டும். இரண்டு எண்களையும் அந்த மாணவரிடம் மட்டும் காட்ட வேண்டும். ஆசிரியர் நான்கு போட்ட பேச்சுக்குத் தான் இரண்டு போட்டிருப்பதை ஒருத்தி பார்ப்பாள். தான் நான்கு போட்டதற்கு ஆசிரியர் இரண்டு போட்டிருப்பதை ஒருவன் பார்ப்பான். அப்புறம் ஓபிக் எழுதப் போகிறவர்களிடம், ஆறு நிலைகளில் எதைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதை காசு வாங்காமல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 948 பேரிடம் எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டாயிற்று. அதே அளவு பெரிய கூட்டத்தில் யார் எத்தனை முறை, எத்தனை வினாடி பேசினார்கள் என்பதையும் ஒலிப்பதிவு செய்து எண்ணி, வினாத்தாளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பின்வரிசையில் பதற்றமே இல்லை என்று எழுதிக் கொடுத்தவர் பருவம் முழுக்க எத்தனை நிமிடம் பேசினார் என்பது அப்போதுதான் தெரியவரும்.